பால்கேனும் கடைசி டைம் அவுட்டும்

பிராண்ட்வில், நெப்ராஸ்கா
நவம்பர் 1987, சனிக்கிழமை இரவு

பேரன்புக்கும், அதைவிடச் சற்றுக் கூடுதலான பயத்துக்கும் உரிய அத்தைக்கு,

மருமகள் பிரிட்டா பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே தங்கள் மகன் கார்வின், பேத்தி டில்லி, கைக்குழந்தை ஆகஸ்ட், நான் ஆகிய நால்வரும் உயிரோடு இருக்கிறோம். அதில் இருவருக்கு இருமல், ஒருவருக்குக் கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது, ஒருவன் ஒன்றும் தெரியாமல் தூங்குகிறான். அங்கே தாங்களும் தங்கள் இடது முழங்காலும் சௌக்கியம்தானே? தாங்கள் பின்னி அனுப்பிய குழந்தைப் போர்வை வந்து சேர்ந்தது. மிக அழகு. அதன் ஓரத்தில் சிவப்பு நூலால் ‘டைம் அவுட்டைச் சேமித்து வை’ என்று தாங்கள் தைத்திருந்தது ஆறு வாரக் குழந்தைக்கான அறிவுரை அல்ல என்பதைக் கார்வின் புரிந்துகொண்டார். இரண்டு நாள் அந்தப் பக்கத்தை உள்ளே மடித்துத்தான் போர்த்தினார்.

இதையெல்லாம் தொலைபேசியிலேயே சொல்லியிருப்பேன். சாயங்காலத்திலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறோம், எங்கேஜ்டு சத்தம்தான் வருகிறது. மகன் தோற்ற சனிக்கிழமைகளில் ரிசீவரை எடுத்து ரொட்டிப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவது தங்கள் வழக்கம் என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் இன்று ரேடியோவை எப்போது அணைத்தீர்கள், அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பது தங்களுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு ராய்ஸ் விடியற்காலையில் தங்கள் ஊர்ப் பக்கம் பன்றி பார்க்கப் போகிறார். போகிற வழியில் இதைத் தங்கள் கையிலேயே கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். அதனால் இப்போதே எழுதி முடிக்க வேண்டும். ஆட்டத்தின் முடிவைத் தெரிந்துகொள்ளத் தாங்கள் நேராகக் கடைசித் தாளுக்குப் போய்விடுவீர்கள் என்பதால் தாள்களுக்கு எண் போடவில்லை. மன்னிக்கவும்.

முதலில் வெர்னா விஷயம். அத்தை, எங்கள் எல்லாருக்கும் தெரியும். திங்கட்கிழமை தோறும் மெயின் ரோட்டு ஹோட்டலில் கார்வினை உட்கார வைத்து, முன்னால் ஒரு கிண்ணம் காரமான சில்லிக் குழம்பும் தொட்டுக்கொள்ள லவங்கப்பட்டை ரோலும் வைத்து, ரேடியோக்கார மெர்ல் மைக்கை நீட்டுகிறார். ஊர் ஜனம் போன் போட்டுக் கேள்வி கேட்கிறது. ஊரிலே ஃபுட்பால் கோச் என்று ஒருவர் இருந்தால் அவர் சாப்பிடும்போதே அவரைத் திட்டுவது இங்கே உரிமை, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு வாரமும் முதல் ஆளாக “வடக்கு ரோட்டுலேர்ந்து வெர்னா பேசறேன்” என்று ஒரு குரல் வருகிறதே, அந்த வடக்கு ரோட்டில் மொத்தம் நாலு வீடு, நாலிலும் வெர்னா கிடையாது. குரலைக் கேட்டதும் டில்லி ரேடியோவைக் கட்டிக்கொண்டு “பாட்டி!” என்கிறாள். முதல் ஆட்டத்துக்கு அப்புறம் வெர்னா என்ன கேட்டாள் என்று ஞாபகம் இருக்கிறதா?

“ஏம்ப்பா கோச், மூணு டைம் அவுட்டையும் மூணாவது கால் பகுதியிலயே தீத்துட்டியே, அது என்ன பள்ளிக்கூடத்து மிட்டாயா, பாத்தவங்களுக்கெல்லாம் அள்ளிக் குடுக்க?”

“நல்ல கேள்வி, வெர்னா அம்மா. அதப் பத்தி யோசிச்சுட்டு இருக்கோம்.”

“யோசிக்கறதுக்குத்தானேப்பா முதல் டைம் அவுட்டையே எடுத்தே!”

சரி, அடுத்த வாரம் பாவம், கார்வின் ஒன்றையும் தொடாமல் பத்திரமாக வைத்திருந்தார். ஆட்டம் தோற்று முடிந்தபோது மூன்றும் அப்படியே மிச்சம். உடனே வெர்னா: “மூணையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டியாமே? பொட்டலம் கட்டிக் குடுத்தாங்களா? உங்கம்மா உன்ன இப்படித்தான் வளத்தாளா?”

“எங்கம்மா நல்லாத்தான் வளத்தாங்க, வெர்னா அம்மா.”

“அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. நீதான் வளரல.”

மெர்ல் மைக்கை மூடிக்கொண்டு மேஜைக்கடியில் போய்ச் சிரித்தாராம்.

தாங்கள் நினைக்கலாம், தாவரவியல் படித்த இந்தப் பெண்ணுக்கு ஃபுட்பால் பற்றி என்ன தெரியும் என்று. தெரியாதுதான். மரம் செடிகளிடம் எனக்குப் பிடித்ததே அவை கடைசி நிமிஷத்தில் எதையும் செய்வதில்லை என்பதுதான். ஆனால் ஒரு வீட்டில் காலை டிபன், மத்தியானச் சாப்பாடு, பிள்ளைத் தாலாட்டு எல்லாவற்றுக்கும் நடுவே இதே பேச்சாக இருந்தால் சுவரில் ஒட்டின பல்லிக்குக்கூடப் புரிந்துவிடும். நான் புரிந்துகொண்டவரை சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள். பந்தைக் கையில் பிடித்து ஓடுகிறவன் மைதானத்துக்குள்ளேயே விழுந்தால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அவன் புள்ளி எடுத்துவிட்டால் நிற்கும், அப்புறம் பந்து எதிராளிக்குப் போய்விடும். ஓடுகிற கடிகாரத்தை நிறுத்த வேண்டுமானால் கோச் டைம் அவுட் கேட்க வேண்டும், அது பாதி ஆட்டத்துக்கு மூன்றுதான். ஆகவே ஜெயிக்கிறவன் கடிகாரத்தை ஓட விடணும், தோற்கிறவன் நிறுத்தணும். இவ்வளவுதான். இந்த இவ்வளவுதானுக்குத்தான் பெரிய பெரிய ஆம்பிளைகள் தொப்பியைக் கழற்றி மிதிக்கிறார்கள்.

அக்டோபரில் நடந்ததைத் தாங்கள் நேரிலேயே பார்த்தீர்கள், ஆனால் அன்றைக்குத் தாங்கள் யார் சொன்னதையும் கேட்கிற நிலையில் இல்லை. நாம் ஒரு புள்ளி முன்னால். எதிராளிகளிடம் டைம் அவுட் தீர்ந்துபோச்சு. நம்ம பையன் லோனி பந்தை வாங்கிக்கொண்டு ஓடுகிறான், எதிராளிகள் அத்தனை பேரும் செங்கடல் மாதிரி இரண்டு பக்கமும் பிளந்து வழி விடுகிறார்கள்! லோனி சோளக்காட்டில் வளர்ந்த பிள்ளை, வழி திறந்தால் ஓடத்தான் தெரியும். ஓடிப்போய்க் கோட்டைத் தாண்டி ஆறு புள்ளி டச்டவுன் போட்டுவிட்டான். ஊரே எழுந்து குதிக்கிறது. நானும் குதித்தேன், ஒன்பது மாச வயிற்றோடு. கார்வின் ஒருத்தர்தான் புல்லில் மண்டியிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். ஏனென்றால் அந்தப் பையன் கோட்டுக்கு ஒரு கஜம் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தால், அப்புறம் மூன்று தடவை பந்தோடு மண்டி போட்டே கடிகாரத்தைத் தீர்த்து ஜெயித்திருக்கலாம். இப்போது கடிகாரம் நின்றுபோச்சு, அதற்குப் பின் வரும் ஒரு புள்ளி உதையும் கம்பத்தில் பட்டுத் தெறித்தது, பந்து அவர்கள் கைக்குப் போனது, அவர்கள் மடமடவென்று வந்து எட்டுப் புள்ளி எடுத்து ஒரு புள்ளியில் நம்மைத் தோற்கடித்தார்கள். மறுநாள் சர்ச் வாசலில் லோனியின் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். “ஏம்மா, எம்பையன் டச்டவுன் போட்டதுக்கா உன் வீட்டுக்காரர் தலையில அடிச்சுக்கிட்டார்? இதுக்கு மேல அவன் என்னதான் போடணும்?” என்று கேட்டாள். நான் பிரசவ வலி வந்த மாதிரி நடித்துத் தப்பித்தேன். அடுத்த வாரம் நிஜமாகவே வந்தபோது யாரும் நம்பவில்லை, அது வேறு கதை.

அன்றிலிருந்து கார்வினுக்கு உட்காருகிற பைத்தியம் பிடித்தது. மைதானத்தில் தினமும் லோனியை ஓடவிட்டு, கோட்டுக்கு முன்னால் உட்கார வைத்தார். பத்தாததற்கு வீட்டில் டில்லியை வைத்து ஒத்திகை. கூடத்திலிருந்து பந்தோடு ஓடிவந்து சமையலறை வாசற்படிக்கு முன்னால் பொத்தென்று உட்கார வேண்டும், தாண்டினால் பிஸ்கட் கிடையாது. மூன்று வயதுக் குழந்தை, பிஸ்கட்டுக்காக எதையும் கற்றுக்கொள்ளும். போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காணிக்கைத் தட்டு எடுத்துப் போகும் நேரம் என் கையை உதறிவிட்டு நடுவழியில் ஓடினாள், பீடத்துக்கு ஒரு அடி முன்னால் உட்கார்ந்தாள், பாஸ்டரைப் பார்த்து “கடிகாரம் ஓடட்டும்!” என்றாள். பாஸ்டர் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகப் பிரசங்கத்தை முடித்துவிட்டார். பின்வரிசையில் இருந்தவர்கள் டில்லிக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்குத்தான் மானம் போச்சு.

இப்போது இந்த வாரத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை கல்லூரியின் விளையாட்டுத் துறை இயக்குநர் மிஸ்டர் ஷ்ராம் எங்கள் வீட்டுக்கே வந்தார். வீடு என்றால் கல்லூரி கொடுத்த வீடு, கோச்சாக இருக்கும்வரைதான் எங்களுடையது. வந்தவர் உட்காரவில்லை, காப்பி வேண்டாம் என்றார், தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. “கார்வின், நான் சுத்தி வளைச்சுப் பேசற ஆளில்ல. சனிக்கிழமை டன்மோர்கிட்டேர்ந்து பால்கேன் வரணும். இல்லன்னா திங்கக்கிழமை வீட்டுச் சாவி வரணும்” என்றார். தாங்கள் அறியாததல்ல, டன்மோர் கல்லூரிக்கும் நமக்கும் நடுவே வருஷா வருஷம் ஜெயித்தவர் எடுத்துப்போகும் அந்தத் துருப்பிடித்த பால்கேன். ஒரு லிட்டர் பால் ஊற்றினால் நாலு ஓட்டையில் ஒழுகும், அதற்காக இந்த ஊரில் கல்யாணத் தேதியை மாற்றி வைக்கிறார்கள். எனக்கு அத்தை, பால்கேனைப் பற்றி ஒன்றுமில்லை. கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் இது நாலாவது ஊர். ஒவ்வொரு ஊரிலும் குழந்தை டாக்டரின் பெயர் மனப்பாடம் ஆகிற நேரத்தில் பெட்டி கட்ட வேண்டியிருக்கிறது. ஆறு வாரக் குழந்தையோடு பனியில் எங்கே போவது? அவர் போனதும் கார்வினிடம், “தோத்துட்டா என்ன பண்றது?” என்றேன். “தோக்க மாட்டோம்” என்றார். “டைம் அவுட் எல்லாம்…” என்று ஆரம்பித்தேன். “பிரிட்டா, நீயுமா?” என்றார். பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

இன்று காலையிலிருந்தே சகுனம் சரியில்லை. குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன பெண்ணுக்குக் காய்ச்சல். மிஸஸ் ஷ்ராமுக்கும் காய்ச்சல், அவர் வீட்டிலேயே படுத்துவிட்டார். ஊரில் பாதிப் பேர் தும்முகிறார்கள், இவர்கள் நடுவில்தான் நான் ஆகஸ்டைத் தங்கள் போர்வையில் ரொட்டி மாவு மாதிரி சுருட்டிக்கொண்டு, டில்லியை இழுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். பின்னாலிருந்து ஒருவர் தும்மினால் குழந்தையைக் குனிந்து மறைப்பேன், முன்னாலிருந்து தும்மினால் நிமிர்ந்து திரும்பிக்கொள்வேன். முதல் பாதி ஆட்டத்தில் நான் பார்த்தது இவ்வளவுதான். நடுவே டன்மோர்க்காரன் ஒருத்தன், ஒல்லியாக, முயல் மாதிரி, நாம் உதைத்த பந்தைப் பிடித்து மொத்த மைதானத்தையும் ஒரே மூச்சில் ஓடிப் புள்ளி எடுத்தான். அவன் ஓடி முடிக்கும்வரை யாரும் தும்மவில்லை. இரண்டாம் பாதி தொடங்கிய கையோடு கார்வின் வழக்கம்போல இரண்டு டைம் அவுட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். ஒன்று எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை. இன்னொன்று முதலாவது எதற்கென்று விசாரிப்பதற்காக என்று நினைக்கிறேன். தங்களுக்குத் தெரியுமே, பதற்றம் வந்தால் அவருடைய கைகள் தானாகவே எழுந்து, ஒன்று நேராக, ஒன்று அதன் மேல் குறுக்காகப் போய் உட்கார்ந்துவிடும், நடுவர் விசில் ஊதிவிடுவார்.

அப்போதுதான் டில்லி, “அம்மா, எனக்கு வருது” என்றாள். மூன்றாம் கால் பகுதியில் எல்லாருக்கும்தான் வருகிறது, கழிப்பறை வரிசை பாப்கார்ன் கடை வரைக்கும் நிற்கிறது. அந்தத் தும்மல் கூட்டத்துக்குள் ஆகஸ்டைக் கொண்டுபோக எனக்கு மனசு வரவில்லை. அக்கம்பக்கத்தில் தும்மாத, இருமாத, மூக்கு சிந்தாத ஒரே ஆள் மைதானத்து ஓரத்தில் நிற்கும் என் புருஷன்தான். இறங்கிப் போய்க் கயிற்றைத் தாண்டி, “ரெண்டே நிமிஷம்” என்று குழந்தையை அவர் கையில் வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன். அவர் மறுத்துப் பேசத் திரும்பினார், அதற்குள் டன்மோர் ஏதோ செய்தது, அங்கே திரும்பிக்கொண்டார். வரிசையில் எனக்கு முன்னால் ராய்ஸின் மனைவி ஐரீன் நின்றிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் மைதானத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “நல்ல காரியம் பண்ணினேடி. ரெண்டு கையும் பிள்ளையைப் பிடிச்சிருக்கே. இனிமே டைம் அவுட் எப்படிக் கேப்பாரு பாக்கலாம்” என்றாள். வரிசையே சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது, ஆனால் பாருங்கள், கடைசிக் கால் பகுதி பூராவும் அந்த மூன்றாவது டைம் அவுட் அப்படியே இருந்தது! இரண்டு தடவை அவர் கை எழ முயன்றதை வரிசையில் நின்றபடி நானே பார்த்தேன். ஆகஸ்ட் மேலே எழும்பி இறங்கினானே தவிர விசில் வரவில்லை.

டில்லியோ உள்ளே போய் உட்கார்ந்ததும், “இப்ப வரல” என்றாள். “டில்லி, தங்கமே, சீக்கிரம்.” “வரலம்மா. கடிகாரம் ஓடட்டும்.” நான் அழுதேவிட்டேன் அத்தை. நாங்கள் வெளியே வந்து மைதானத்தின் மூலைக் கம்பி ஓரம் வந்து நின்றபோது டன்மோர் 16, நாம் 14. டன்மோரிடம் டைம் அவுட் இல்லை. அரை நிமிஷத்துக்கும் குறைவாகத்தான் மிச்சம். பந்து லோனி கையில்.

அவன் ஓடினான். டன்மோர்க்காரர்கள், அக்டோபரில் பார்த்தோமே, அதே செங்கடல், விலகி வழி விட்டார்கள். நாம் புள்ளி எடுத்தாலும் பரவாயில்லை, பந்து திரும்ப வந்தால் போதும், அந்த முயலை ஓடவிடலாம் என்று கணக்கு. ஊரே “போ! போ!” என்று அலறுகிறது. ஓரத்தில் கார்வின், ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையை மேலும் கீழும் ஆட்டி உட்கார், உட்கார் என்று காட்டுகிறார். லோனி கோட்டுக்கு ஒரு கஜம் முன்னால், காலி மைதானத்தில், தன்னைத் தொட ஒரு ஆள் இல்லாத இடத்தில், பந்தை மடியில் வைத்துக்கொண்டு பூசணிக்காய் மாதிரி உட்கார்ந்தான்.

அத்தை, இந்த இடத்தில்தான் தாங்கள் ரேடியோவை அணைத்தீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா?

மைதானத்தில் இருந்த சத்தத்தைச் சொல்லி மாளாது. தோற்றுக்கொண்டிருக்கிறவன் கோட்டு வாசலில் போய் உட்காருவானா? ஒருத்தர் தன் மிச்சப் பாப்கார்னைத் தூக்கி எறிந்தார், என் மேல்தான் விழுந்தது. லோனியின் அம்மா, “உக்காரச் சொன்னவன் வீட்டுல இடி விழ!” என்று என்னைப் பார்த்துக்கொண்டே கத்தினாள். கடிகாரமோ ஓடுகிறது. ஆனால் எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. ஒரு கஜத்திலிருந்து உதைத்தால் மூன்று புள்ளி நிச்சயம், அதைக் கடைசி மூச்சில் உதைத்தால் முயலுக்கு ஓட நேரமே கிடையாது! அதற்கு வேண்டியது ஒரே ஒரு டைம் அவுட், அதுவும் கடைசி நொடியில். அது இருக்கிறது! இந்த வருஷத்திலேயே முதல்முறையாக, வேண்டிய நேரத்தில் வேண்டிய பொருள் கையில் இருக்கிறது! ஆனால் கேட்பதற்குக் கை இல்லையே, கையில் குழந்தை இருக்கிறானே! வாயால் கேட்டால் அந்தக் கூச்சலில் பக்கத்தில் நிற்கும் நடுவருக்கே காது கேட்காது. கார்வின் இந்தப் பக்கம் பார்க்கிறார், அந்தப் பக்கம் பார்க்கிறார், பிள்ளையை வாங்கிக்கொள்ள ஒரு ஆள் இல்லை, எல்லாரும் தலையில் கை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் கம்பிக்கு மேல் ஏறப் பார்க்கிறேன், டில்லி என் கோட்டைப் பிடித்துக்கொண்டு, “இப்ப வருது” என்கிறாள்.

அப்போது தங்கள் மகன் செய்ததை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். ஆகஸ்டை ஒரு முன்னங்கையின் மேல் நீளவாக்கில் படுக்க வைத்தார். அப்படியே மார்புயரத்துக்குத் தூக்கினார். இன்னொரு கையை நேராக நிமிர்த்தி, விரல் நுனியைக் குழந்தையின் அடியில் கொண்டுபோய் வைத்தார். நேராக ஒரு கை, மேலே குறுக்காக என் பிள்ளை! நடுவர் திரும்பினார், பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார், விசில் ஊதினார்! கடிகாரம் மூன்று நொடியில் நின்றது. ஆகஸ்ட் கொட்டாவி விட்டான்.

உதை நடுவாந்திரத்தில் போனது. 17–16. பால்கேன் நம்முடையது, அத்தை! நம்முடையது!

அதன் பிறகு நடந்ததில் பாதி ஞாபகமில்லை. லோனியின் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, “எம்பையன் எவ்ளோ அழகா உக்காந்தான் பாத்தியா!” என்று அழுதாள். லோனியைத் தோளில் தூக்கினார்கள், கார்வினைத் தூக்கினார்கள், குழந்தையைத் தூக்க வந்தவர்களை நான் நகத்தால் கீறினேன். மிஸ்டர் ஷ்ராம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து எல்லார் முன்னாலும் கார்வினின் கையைப் பிடித்தார். “நாப்பது வருஷமா ஆட்டம் பாக்கறேன். கடிகாரத்த இப்படி ஆண்ட ஆள நான் பாத்ததில்ல. மூணு வருஷம், கார்வின். செவ்வாய்க்கிழமை காலைல வந்து கையெழுத்துப் போடு” என்றார். எனக்குக் கால் தரையில் இல்லை. மூன்று வருஷம்! ஜன்னலுக்கு அளவெடுத்துத் திரை தைக்கலாம், ஆகஸ்ட் இந்த வீட்டிலேயே நடக்கப் பழகுவான்.

அப்புறம் ஷ்ராம் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். அவர் மனைவி வீட்டிலிருந்து ஆள் மூலமாகக் கொடுத்தனுப்பியதாம். “ஆட்டம் முடியறதுக்கு முன்னாடியே வடக்கு ரோட்டு வெர்னா எங்க வீட்டுக்குப் போன் பண்ணியிருக்காங்க. ‘அந்தக் கோச்ச இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பு, எலுமிச்சை ஜூஸ் கடை வைக்கக்கூட லாயக்கில்லாதவன்’னு சொன்னாங்களாம்” என்று படித்துக் காட்டிவிட்டு, கார்வின் தோளில் தட்டி, “உங்கம்மாவ நான் விசாரிச்சதா சொல்லு” என்றார்.

ஆகவே அத்தை, தங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். மூன்று வருஷ வாழ்க்கை ஷ்ராமின் நல்லெண்ணத்தில் இருக்கிறது. வெர்னா இனி வேண்டாம். மெர்லிடம் நானே சொல்லிவிட்டேன், வெர்னா தங்கை வீட்டோடு இருக்க அரிசோனா போய்விட்டாள், அங்கே வெயில் நன்றாக இருக்கிறதாம், திரும்பி வரமாட்டாள் என்று. தயவுசெய்து அவளை அங்கேயே நிம்மதியாக இருக்க விடுங்கள். தங்கள் மகன் கடிகாரத்தை ஆளும் கலையை நன்றாகவே கற்றுவிட்டார், அவருக்கு இனி யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ரொட்டிப் பெட்டியைத் திறந்து ரிசீவரை அதன் இடத்தில் வையுங்கள். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் விடாமல் கொடுங்கள். பேரப்பிள்ளைகள் இருவரும் தங்களுக்கு ஆளுக்கொரு முத்தம் அனுப்புகிறார்கள், இருமல் நின்றதும் நேரில் தருவார்கள். ராய்ஸ் காப்பி கேட்டால் கொடுங்கள், பன்றிகளைப் பற்றி ஒன்றும் கேட்டுவிடாதீர்கள், மத்தியானம் வரை பேசுவார். கர்த்தர் தங்களுக்கு நீண்ட ஆயுளையும் கொஞ்சம் பொறுமையையும் அருளுவாராக.

என்றும் தங்கள் பணிவுள்ள மருமகள்,
பிரிட்டா

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் கார்வின் எழுந்து வந்து, என் தோளுக்குப் பின்னால் நின்றபடி முழுவதையும் படித்தார். “நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா நடந்தது இது இல்லையே” என்றார். எது இல்லை என்றேன்.

“எங்கிட்ட டைம் அவுட் மிச்சம் இருக்குன்னு எனக்கு எங்க தெரியும்? மூணும் போயிடுச்சுன்னுல்ல நெனச்சேன்.”

“அப்ப குழந்தைய ஏன் அப்படித் தூக்கிப் பிடிச்ச?”

“ஈரம் பண்ணிட்டான், பிரிட்டா. போர்வையத் தாண்டி சட்டைக்கு வந்துடுச்சு. எங்க ஒழுகுதுன்னு அடியில தொட்டுப் பாத்தேன். விசில் ஊதினதும் எனக்கே தூக்கிவாரிப் போட்டுடுச்சு.”

“லோனிய உக்காரச் சொன்னது?”

“பின்னாடி இருக்கோம், டைம் அவுட்டும் கெடையாதுன்னு நெனச்சவன் உக்காரச் சொல்வேனா? ஓடு ஓடுன்னுதான் கைய ஆட்டினேன். அவன் பழக்க தோஷத்துல உக்காந்துட்டான்.”

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. தங்கள் மகன் தங்களைப் போலவே, மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவர். ஊர் தன்னைத் தப்பாகப் புகழ்வது அவருக்குத் தாங்கவில்லையாம். திங்கட்கிழமை ரேடியோவில் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடப் போகிறாராம். கையெழுத்து செவ்வாய்க்கிழமை காலையில்தான், அத்தை! நிகழ்ச்சியோ ஒரு மணி நேரம். வெர்னா அரிசோனாவிலிருந்து திரும்பி வந்துவிட்டாள் என்று மெர்லிடம் நாளைக்கே சொல்லிவிடுகிறேன். முதல் போன் தங்களுடையதாக இருக்கட்டும். முழங்காலில் ஆரம்பித்து, நாலு ஊர்க் கதையும் சொல்லி, வேண்டிய மட்டும் திட்டுங்கள், அவரை ஒரு வார்த்தை பேச விடாதீர்கள். இடையில் மூச்சு வாங்க நேர்ந்தால் ரிசீவரை ராய்ஸிடம் கொடுத்துப் பன்றியைப் பற்றிக் கேளுங்கள், அவரைத் திங்கள்வரை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். எப்படியாவது நேரம் முடிகிறவரை கடிகாரம் ஓட வேண்டும்.